பச்சை மை

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் கூடும் இடங்களில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்பக் காதில் விழும். நூலகத்தில் நடக்கும் ரெஸ்யூமே வகுப்பு, தமிழ்க் கடையில் பில் போடும் வரிசை, வாடகைக்குப் பார்க்கப் போகும் பேஸ்மென்ட், எங்கே போனாலும் ‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்’. யாரும் அதைத் தமிழில் சொல்வதில்லை. ‘கனடிய அனுபவம்’ என்றால் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்து எழுதும் பயணக் கட்டுரை மாதிரி இருக்கிறது. அர்த்தம் என்னவோ எளிமையானதுதான். உனக்கு இங்கே வேலை வேண்டுமென்றால் நீ ஏற்கெனவே இங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். நீச்சல் கற்றுக்கொண்டு வா, அப்புறம் கிணற்றில் இறங்கலாம்.

இதைப் பற்றிப் புலம்பல்கள் நிறைய உண்டு. அறிவுரைகள் அதைவிட அதிகம். நான் எழுத நினைப்பது இரண்டும் இல்லை. இந்தச் சொற்றொடர் உண்மையில் எதைக் கேட்கிறது என்பது எனக்குப் புரிய ஏழு வருடம் ஆனது. பாதி என் வேலையின் வழியாகப் புரிந்தது, மீதி என் மனைவியின் வேலையின் வழியாக.

நாங்கள் 2018 அக்டோபரில் டொரண்டோவில் வந்து இறங்கினோம். எனக்கு வயது 29. சென்னையில் எட்டு வருட மென்பொருள் வேலை, அதில் கடைசி மூன்று வருடம் பதினொரு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. மனைவி சிவில் எஞ்சினியர். ஸ்ட்ரக்சுரலில் எம்.ஈ. முடித்துவிட்டு ஒரு சின்ன கன்சல்டன்சியில் ஆறு வருடம் பாலங்கள் டிசைன் செய்தவள். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அவள் கணக்குப் போட்ட சிறு பாலங்கள் நான்கைந்து இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது காட்டுவாள். பாலம் வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன்.

கனடா எங்களைத் தேர்ந்தெடுத்தது மதிப்பெண் போட்டுத்தான். இந்த ஊரில் மதிப்பெண் முறை 1967 இல் வந்தது. அதற்கு முன்பு, எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்பதே பெரிய கேள்வி. அதற்குப் பின்பு, என்ன படித்தாய், என்ன வேலை தெரியும், என்ன வயது என்பவை கேள்விகளாயின. 2015 ஜனவரியில் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வந்தபோது எல்லாம் கணினிக்குப் போனது. மொத்தம் 1200 மதிப்பெண். வயது முப்பதைத் தொட்டதும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் கழியும். கேக் வெட்டும்போது யாருக்கும் சந்தோஷம் இருக்காது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7 வாங்கினால் ஒரு பெரிய தாவல். அந்த ஆங்கிலமும் மூன்று வருட வெளிநாட்டு வேலை அனுபவமும் சேர்ந்தால் கூடுதலாக 50 மதிப்பெண்.

அந்த 50 ஐ கவனியுங்கள். சென்னையில் நான் செய்த வேலைக்குக் கனடா அரசாங்கம் மதிப்பெண் கொடுத்தது. அதை நம்பி விசா கொடுத்தது. பட்டம் சரியானதுதானா என்று பார்க்க, அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல்களை உறையிலிட்டு, உறையின் வாயில் முத்திரை குத்தி, நேரே மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னது. நான் பிரித்துப் பார்க்கக் கூடாது. என் மார்க்கை நானே பார்க்கக் கூடாத உறை அது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் பி.ஈ., கனடாவின் நான்கு வருட இளங்கலைப் பட்டத்துக்குச் சமம். அம்மா அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வாசலில் இருந்த அதிகாரி எண்ணிக்கொடுத்த அதே எட்டு வருடம், கதவைத் தாண்டியதும் பூஜ்யமாகிவிட்டது. இதில் சதி ஒன்றும் இல்லை. ஆளை உள்ளே விடுவதில் மத்திய அரசின் கைதான் ஓங்கியிருக்கிறது. தொழில் உரிமம் கொடுப்பது மாகாணத்தின் அதிகாரத்தில் வருகிறது. வேலை கொடுப்பது முதலாளியின் விருப்பம். மூன்று பேரும் ஒரே ஆளைப் பார்க்கிறார்கள், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே புத்தகம் கிடையாது.

*

முதல் மூன்று மாதத்தில் 140 விண்ணப்பம் போட்டேன். எக்செல் கோப்பு இன்னும் இருக்கிறது. நான்கு பேர் போனில் பேசினார்கள். ஒருவர் நேரில் அழைத்தார். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. முடிவில், “உங்களைப் பற்றி விசாரிக்க இங்கே யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார். சென்னையில் என் மேனேஜரின் எண்ணைக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை என்று மேனேஜர் பிறகு சொன்னார்.

நாங்கள் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தோம். எல்லோரையும்போல நானும் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிடப் பழகியிருந்தேன். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். இரணைமடுக் குளத்தின் கதவுகள் எத்தனை, எது எந்த மழைக்குத் திறக்கும் என்று இப்போதும் சொல்வார். 1988 இல் வந்து, கார் சீட் செய்யும் தொழிற்சாலையில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

ஒருநாள் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டார். “தம்பி, நீர் என்ன படிச்சனீர்?”

சொன்னேன்.

“உம்மட சேர்டிபிக்கேற்றை இஞ்சை ஒருத்தரும் பாக்க மாட்டினம். ஆனா உமக்கு ஒரு வசதி இருக்கு. உம்மட யூனிவர்சிற்றி இன்னும் இருக்கு. கடிதம் போட்டா பதில் வரும். எனக்குச் சேர்டிபிக்கேற் தந்த கந்தோரே எரிஞ்சு போச்சு. கையெழுத்து வைச்ச மனுசனும் இல்லை. நான் ஆரைக் கொண்டு உறுதிப்படுத்துறது?”

அதன்பிறகு பனியைத் தள்ளத் தொடங்கிவிட்டார். என்னுடைய முத்திரையிட்ட உறையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஏஜென்சி மூலமாக வேர்ஹவுஸ் வேலைக்குப் போனேன். அப்போது ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர். இரும்பு முனை வைத்த ஷூவை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். என் வரிசையில் பெட்டி அடுக்கியவர்களில் ஒருவர் லாகோஸில் வங்கி மேலாளர், ஒருவர் டமாஸ்கஸில் பல் மருத்துவர். பல் மருத்துவர் டேப் ஒட்டும் அழகைப் பார்க்க வேண்டும். ஒரு சுருக்கம் இருக்காது.

*

இங்கே ரெஸ்யூமே எழுதும் முறையே வேறு என்று நூலக வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டோ வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், கல்யாணம் ஆனதா என்று சொல்ல வேண்டாம், அப்பா பெயர் வேண்டவே வேண்டாம். (அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் வங்கியில் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அவரை யாரும் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.) அந்த வகுப்பில் எல்லோரும் சிரித்த ஒரு விஷயம் உண்டு. நம் ஊர் ரெஸ்யூமேயின் கடைசியில், ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்’ என்று போட்டு, இடம், நாள், கையெழுத்து. “நீங்கள் சொல்வது உண்மை என்று நீங்களே சொன்னால் எப்படி?” என்று கேட்டார் வகுப்பெடுத்த பெண்மணி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்குச் சுரீரென்றது.

நான் வேலை செய்வது பாதுகாப்பு தொடர்பான மென்பொருளில். ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது பிரவுசர் முதலில் அந்தத் தளத்தின் சான்றிதழைக் கேட்கும். ‘நான்தான் இந்த வங்கி’ என்று தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த ஆளின் சான்றிதழில் இன்னொருவர் கையெழுத்து இருக்கும். இப்படியே மேலே போனால் ஒரு மூலச் சான்றிதழில் போய் முடியும். அந்த மூலத்தின் பெயர் பிரவுசருக்குள் ஏற்கெனவே வைத்திருக்கும் பட்டியலில் இருந்தால் சரி. இல்லையென்றால் சிவப்பாக எச்சரிக்கை வரும். தனக்குத் தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தத் தளம் நேர்மையானதாக இருக்கலாம், அதன் பூட்டு உலகத்திலேயே உறுதியானதாக இருக்கலாம். பிரவுசருக்கு அது பொருட்டில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்று. எனக்குத் தெரிந்தவர் யார் உனக்குக் கையெழுத்துப் போட்டார்?

நம் ரெஸ்யூமேயின் கடைசி வரி அப்படிப்பட்ட சுயகையெழுத்துதான். மேலே உள்ள பி.ஈ. பட்டமோ நல்ல கையெழுத்துத்தான், ஆனால் இந்த ஊர்ப் பட்டியலில் அந்த மூலம் இல்லை.

இது நமக்குப் புதிதா என்ன? என் தலைமுறைக்கு முன்பே தொடங்கி என் கல்லூரிக் காலம் வரை, மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைந்தவர்கள் நாம். பக்கத்து ஊர் அரசு மருத்துவமனை டாக்டர், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்று யாராவது ஒருவர். அசலைக் கொண்டுபோய்க் காட்டினாலும் போதாது, அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் நகல் உண்மையாகும். என் ஊரில் ஒரு டாக்டர் நகலைப் பார்க்கவே மாட்டார். அப்பாவைப் பார்ப்பார். “வாத்தியார் பையனா? வை” என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். அப்பா பெயர் தெரியாத பையன்கள் வராண்டாவில் நின்றுகொண்டிருப்பார்கள். அன்றைக்கு நான் கதவுக்கு உள்பக்கம். இங்கே வராண்டா. மற்றபடி வித்தியாசம் எதுவும் இல்லை.

‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது அனுபவத்தைப் பற்றியதே இல்லை. அது பச்சை மை.

*

இது என் மனத்தாங்கல் மட்டும் அல்ல. டொரண்டோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பிலிப் ஓரியோபூலோஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். கற்பனையான ஆட்களின் பெயரில் ஏறக்குறைய 13,000 ரெஸ்யூமேக்களைத் தயாரித்து, டொரண்டோ பகுதியில் வந்த உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார். 2011 இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆங்கிலப் பெயர் உள்ளவர்களுக்கு வந்த அளவுக்கு அழைப்புகள் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் உள்ளவர்களுக்கு வரவில்லை. வெளிநாட்டு அனுபவம் மட்டும் இருந்தால் இன்னும் குறைந்தது. மொழித்திறன் சந்தேகம்தான் காரணம் என்று வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் விளக்கினார்கள். ஆனால் மொழி நன்றாகத் தெரியும் என்று ரெஸ்யூமேயில் எழுதியபோதும், பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பெரிய கல்லூரியில் படித்தவர் என்று எழுதியபோதும் பலன் இல்லை. தகுதியைக் கூட்டிக்கொண்டே போனாலும் சந்தேகம் குறையவில்லை. இந்த ஆய்வில் என்னை உட்காரவைத்த இடம் இதுதான். நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தது அதைத்தானே. இன்னொரு சர்டிபிகேட், இன்னொரு ஆன்லைன் கோர்ஸ்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. கனடிய அனுபவம் வேண்டும் என்று கண்மூடித்தனமாகக் கேட்பது மேலோட்டமாகவே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013 இல் கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஒன்டாரியோவில் பொது விளம்பரத்தில் அப்படிக் கேட்கவே கூடாது. நல்லதுதான். ஆனால் விளம்பரத்திலிருந்து ஒரு வரியை எடுக்கலாம், ரெஸ்யூமே படிப்பவரின் மனதில் இருக்கும் பட்டியலைச் சட்டம் எப்படித் திருத்தும்?

என் துறையில் இதற்கு ஒரு வழி உண்டு. 2015 இல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்று ஓர் அமைப்பு, எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறோம் என்று கிளம்பியது. அவர்களுடைய மூலம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் ஏற வருடக்கணக்காகும். அதனால் ஏற்கெனவே பட்டியலில் இருந்த ‘ஐடென்டிரஸ்ட்’ என்ற நிறுவனம் அவர்களுக்குக் குறுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தது. மறுநாளிலிருந்து உலகத்தின் பிரவுசர்கள் நம்பின. 2018 இல் எல்லா முக்கியப் பட்டியல்களும் அவர்களை நேரடியாகவே ஏற்றுக்கொண்டன. நடுவில் அவர்களுடைய கணிதம் மாறவில்லை. முதல் நாளே சரியாக இருந்ததுதான்.

எனக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டவர் ஓர் ஈரானியப் பெண்மணி. வந்தேறிகளுக்கு அதே துறைக்காரர்களை வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் ஒரு திட்டத்தில் கிடைத்தவர். இருபது வருடத்துக்கு முன் வந்தவர். ஆறு வாரம், வாரத்துக்கு ஒருமுறை காபிக் கடையில் சந்தித்தோம். என்னை வைத்து ஒரு சின்ன நிரலை எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஏழாவது வாரம் தன் பழைய மேனேஜருக்கு என் எதிரிலேயே போன் போட்டு நான்கு நிமிடம் பேசினார். பத்து நாளில் ஆறு மாத ஒப்பந்த வேலை. சென்னையில் நான் விட்டுவந்த பதவிக்கு இரண்டு படி கீழே. ஆனால் ஆறு மாதம் கழித்து வேறு இடத்துக்கு விண்ணப்பித்தபோது, அதே 140 இடங்களில் சிலவே என்னைக் கூப்பிட்டன.

ஊரில் இதற்குப் பெயர் சிபாரிசு. சொன்னால் அவமானம். இங்கே நெட்வொர்க்கிங். அதற்கு வகுப்பே எடுக்கிறார்கள்.

*

என் கதை இத்தோடு முடிந்தது. மென்பொருளுக்கு உரிமம் கிடையாது, ஒரு போன் போதும். மனைவிக்கு அப்படி இல்லை. ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் ‘நான் பொறியாளர்’ என்று சொல்லித் தொழில் செய்யக் கூடாது. வரைபடத்தில் முத்திரை குத்த முடியாது. உரிமம் வேண்டுமென்றால் நான்கு வருட அனுபவம், அதில் குறைந்தது ஒரு வருடம் கனடாவில், உரிமம் பெற்ற பொறியாளரின் கீழே. இது அப்போதைய விதி. அந்த ஒரு வருட வேலையை வாங்கத்தான் அவளுக்கு உரிமம் தேவைப்பட்டது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1907 இல் கியூபெக்கில் கட்டிக்கொண்டிருந்த பாலம் இடிந்து 75 தொழிலாளர்கள் செத்தார்கள். டிசைன் கணக்கில் பிழை. இங்கே பொறியியல் படித்து முடிப்பவர்கள் ஒரு சடங்கில் உறுதிமொழி சொல்லிச் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். முதல் சடங்கு 1925 இல் நடந்தது. அந்த உறுதிமொழியை எழுதிக்கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். பம்பாயில் பிறந்தவர். இதைச் சொன்னபோது மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “அவருக்கு மட்டும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கலியா?”

முதல் வருடம் மருந்துக் கடையில் கேஷியர். பிறகு குழந்தை, அதோடு கோவிட். 2021 இல் ஒரு நிறுவனத்தில் வரைவாளர் வேலை கிடைத்தது. மற்றவர்கள் போட்ட டிசைனைக் கணினியில் வரைந்து கொடுப்பது. பாலம் டிசைன் செய்தவள் பாலத்தை டிரேஸ் எடுத்தாள். இரவில் குழந்தை தூங்கிய பிறகு என்னிடம் வந்து, “அந்த ஸ்லாப்ல கம்பி தப்பான இடத்துல முடியுது. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல” என்பாள். சொல்லுவாள். திருத்துவார்கள். நன்றி சொல்வார்கள். திருத்திய வரைபடத்தில் வேறொருவர் முத்திரை விழும்.

டொரண்டோவில் ஏரிக்கரையோரம் கார்டினர் என்று ஓர் உயர்மட்டச் சாலை உண்டு. 2012 இல் அதிலிருந்து கான்கிரீட் துண்டுகள் பெயர்ந்து விழுந்து பெரிய செய்தியானது. காரணம் உப்பு. பனிக்காலத்தில் சாலையில் பனிக்கட்டி உருக உப்பு கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்து உப்புகிறது. கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. முதல்முறை அந்தச் சாலைக்குக் கீழே போனபோது மனைவி காரை ஓரங்கட்டச் சொன்னாள். தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “இது ராமேஸ்வரம்ங்க. அங்க கடல் காத்துல வருது, இங்க லாரில கொண்டுவந்து கொட்டறாங்க. அவ்வளவுதான்.”

இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456, கடலோரச் சூழலுக்குக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. அந்த 45 க்காக வெயிலில் நின்று மேஸ்திரியோடு சண்டை போட்டவள் அவள். இந்த ஊரின் பாலங்களைத் தின்றுகொண்டிருக்கும் நோய், அவள் ஆறு வருடம் பார்த்த நோய். அவளுக்குத் தெரியாதது உறைபனிதான். அஸ்திவாரம் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், டொரண்டோவில் 1.2 மீட்டர். அதைப் படிக்க எத்தனை நாள் ஆகும்? விதிநூல் நூலகத்தில் இருந்தது. படித்துவிட்டாள். ஆனால் ‘ராமநாதபுரம்’ என்று ரெஸ்யூமேயில் பார்க்கிற யாருக்கும் ‘உப்பு’ என்று கேட்காது.

நானோ காலையில் சம்பளத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். “திரும்பிப் போயிடலாமா?” என்று நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், “உங்களுக்குக் கிடைச்சிடுச்சே” என்பாள். அந்தப் பதிலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிற குரல். அதுதான் தாங்காது.

*

2023 மே மாதம் ஒன்டாரியோவின் பொறியாளர் உரிம அமைப்பு அந்த ஒரு வருடக் கனடிய அனுபவ விதியை நீக்கியது. அதற்குப் பதிலாக 34 திறன்கள் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும், இந்த வேலையில், இந்தச் சூழலில், இதைச் செய்தேன் என்று விண்ணப்பதாரர் எழுத வேண்டும். அதை நேரில் பார்த்த ஒருவர் ஆமாம் என்று சாட்சி சொல்லி, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும்.

மறுபடியும் கையெழுத்துத்தான். ஆனால் இந்தத் தடவை கையெழுத்துப் போடுகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை.

மனைவியின் பழைய சீஃப் எஞ்சினியருக்கு எழுபது வயது. கன்சல்டன்சியை மூடிவிட்டுக் கும்பகோணத்தில் இருந்தார். வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புவதோடு சரி. விஷயத்தைச் சொன்னதும், “என்னம்மா, கனடாக்காரன் என்னைக் கேக்கறானா?” என்றார். பிறகு மூன்று வாரம், எங்களுக்கு இரவு ஒன்பதரை, அவருக்குக் காலை ஏழு. வீடியோவில் அவருடைய பேரன் லேப்டாப்பைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு திறனாகப் படித்தார். முதல் நாள் அவர் எழுதியது, நம் ஊர் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரியே இருந்தது. ‘இவரை எனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரியும். இவரது நடத்தை நன்று.’ மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார், நடத்தை வேண்டாம் சார். பாலம்” என்றாள்.

பாலம் என்றதும் அவர் ஆளே மாறினார். எந்தப் பாலத்தில் எந்தப் பைல் எத்தனை அடி இறங்கியது, மண் பரிசோதனை அறிக்கையை அவள் எதற்குத் திருப்பி அனுப்பினாள், எல்லாம் நினைவில் இருந்தது. மதிப்பெண் போடும் இடம் வந்தது.

“அஞ்சு போடுங்க தாத்தா” என்றான் பேரன்.

“போடக் கூடாதுடா. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா நான் அந்த வேலையைப் பாக்கவே இல்லன்னு அர்த்தம்.” மனைவியைப் பார்த்துச் சொன்னார். “நாலு போடறேம்மா. இந்த ஒண்ணுல மட்டும் மூணு. அந்த மூணாவது பாலத்துல டிரெய்னேஜ் ஸ்பவுட்டைக் காட்டாம டிராயிங்க அனுப்பிட்ட. ஞாபகம் இருக்கா? நான் பாத்துத் திருப்பி அனுப்பினேன்.”

“இருக்கு சார்.”

“அதுக்கப்பறம் ஒரு டிராயிங்லயும் விடல நீ. அதையும் எழுதறேன்.”

அன்றைக்கு இரவு அவள் வெகுநேரம் தூங்கவில்லை. மூன்று போட்டதில் வருத்தமா என்று கேட்டேன். “இல்லங்க. அஞ்சு வருஷமா இந்த ஊர்ல யாருக்கும் நான் எங்க தப்பு பண்ணுவேன்னுகூடத் தெரியாது” என்றாள்.

அந்தப் பச்சை மை டாக்டர் நகலைப் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கும், இவர் ஸ்பவுட்டை நினைவுவைத்துப் போட்ட மூன்றுக்கும் நடுவில் இருப்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். வேலை தருகிறவர் ஒரு சாட்சியைக் கேட்பதில் தப்பில்லை. பாலம் விழுந்தால் ஆள் சாவான். ஆனால் சாட்சி என்பது கூட வேலை பார்த்தவன் சொல்வது, பக்கத்தில் குடியிருப்பவன் சொல்வதல்ல. ‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்’ இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு முதலாவதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. சாட்சி சொல்லக்கூடியவர் கும்பகோணத்தில் இருந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வை எழுதினாள், மற்ற தேர்வுகளையும் எழுதினாள். 2025 இல் உரிமம் வந்தது. இப்போது பழைய பாலங்களைப் பரிசோதித்துச் செப்பனிடும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். உப்புதான் வேலை. கீழ்வீட்டில் இருந்த காலத்தை மறக்காமல் அண்ணையிடம் இனிப்புப் பெட்டியோடு போனோம். பெட்டியை வாங்கிக்கொண்டு, “எத்தினை வரியம் பிள்ளை?” என்று கேட்டார். “ஏழு” என்றாள். அவர் தலையை ஆட்டினார். 26 என்று அவர் சொல்லவில்லை.

*

புதிதாக வந்த தம்பி தங்கைகள் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். இன்னொரு கோர்ஸ் சேரும் முன், உங்கள் வேலையை நேரில் பார்த்த மூன்று பேரின் எண்களை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்களைப் புகழ்கிறவர்கள் வேண்டாம், உங்களைத் திருத்தியவர்களாக இருக்கட்டும். போன் எடுப்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கே ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்கும்படி செய்யுங்கள். இது நியாயமா என்றால் இல்லை. நான்கு நிமிட போன் பண்ண யாரும் கிடைக்காமல் இந்த ஊரில் எத்தனை பல் மருத்துவர்கள் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். என் குழுவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு இப்போது எனக்கு உண்டு. வெளிநாட்டு மேனேஜரின் எண்ணை யாராவது கொடுத்தால் நான் கூப்பிடுகிறேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்பின்னாகத் தூங்க வேண்டியிருக்கும். போன மாதம் நைரோபிக்குப் போட்டேன். எங்களுக்குக் காலை ஆறரை. எடுத்தவர் முதலில் விற்பனை அழைப்பு என்று நினைத்து வைத்துவிட்டார். இரண்டாம் தடவை நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. “நிறையச் சொல்லணும். உங்களுக்கு நேரம் இருக்கிறதா?” என்றார்.